காதுக்காரர் வீட்டுக் கம்ப்யூட்டர்

பம்பு மெக்கானிக்குக்குக் காதுக்காரர் என்று பேர் வந்ததற்கு அவருடைய காதின் அளவு காரணம் அல்ல. அது எல்லோருக்கும் இருக்கிற அளவுதான் இருந்தது, ஓரத்தில் கொஞ்சம் முடி வேறு. மோட்டார் ஓடுகிற சத்தத்தை ஃபோனிலேயே கேட்டு இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அதனால் வந்த பேர்.

அதற்கென்று அவர் ஒரு முறை வைத்திருந்தார். யாராவது கூப்பிட்டு, மோட்டார் ஒரு மாதிரி கத்துகிறது என்றால், "நீங்க விவரம் சொல்ல வேணாம், அதுவே சொல்லட்டும்" என்பார். ஒரு பெரிய ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, முனையை ஓடுகிற மோட்டாரின் முதுகில் வைக்க வேண்டும். பிடியை ஃபோனில் வாய் வைத்துப் பேசுகிற இடத்தோடு ஒட்ட வேண்டும். பக்கத்தில் நிற்கிற யாரும் வாயைத் திறக்கக் கூடாது. நாலு மூச்சு விடுகிற நேரம் கேட்பார். "பின்பக்க பேரிங். வாங்கிட்டு வர்றேன்" என்று வைத்துவிடுவார். அவர் வேலை பார்க்கிற இடங்கள் முப்பது, நாற்பது கிலோமீட்டருக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன. ஒரு தடவை போய்ப் பார்த்து, திரும்பி வந்து சாமான் வாங்கி, மறுபடியும் ஸ்கூட்டரை உதைப்பதென்றால் இரண்டு நாள் ஓடிப்போகும். காதுக்காரருக்கு எல்லாம் ஒரே நடைதான். அவர் வாங்கிப்போன சாமானைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்ததாகக் கடைக்காரர் ஒருத்தரும் சொன்னதில்லை.

ஆனால் முப்பது வருஷம் ஜன்னல் இல்லாத பம்பு அறைக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தால் காது சும்மா இருக்குமா? கொஞ்சம் கொஞ்சமாகப் போக ஆரம்பித்தது. கனமான சத்தமெல்லாம் கேட்டது. லாரி கேட்டது, இடி கேட்டது. சன்னமான சத்தங்கள் மட்டும் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டன. பால் பொங்குகிற சத்தம் போயிற்று. வாசல் கொக்கி திறக்கிற சத்தம் போயிற்று. பிறகு ஃபோன் பேச்சு.

முதலில் கண்டுபிடித்தது அவர் மனைவிதான். அவள் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் வைத்துத் தட்டச்சு வேலை செய்பவள். தெருவில் டைப்பக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். காது மந்தமானவர்களில் இரண்டு வகை உண்டு. பேச்சிலிருந்து ஒதுங்கிக்கொள்கிறவர்கள் ஒரு வகை, அடுத்தவரைப் பேசவே விடாதவர்கள் இன்னொரு வகை. தன் புருஷன் இரண்டாவது வகைக்கு மாறிக்கொண்டிருப்பதை அவள் பார்த்தாள். டீக்கடையிலும் சாமான் கடையிலும் மனிதர் மூச்சு விடாமல் பேசினார். கேள்வி வந்தால்தானே பதில் சொல்ல வேண்டும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அது. கொஞ்ச நாள் நடக்கவும் செய்தது.

ஆஸ்பத்திரியில்தான் பூசணிக்காய் வெளியே தெரிந்தது. ஊரிலேயே பெரிய பிரசவ ஆஸ்பத்திரி. பதினெட்டு வருஷமாக அங்கே தண்ணீர் ஏற்றுகிற மோட்டாருக்கு அவர்தான் வைத்தியர். ஒரு தடவை ஃபோனில் கேட்டுவிட்டு கண்டென்சர் என்று வாங்கிப்போனார். போனது பேரிங். சரி, யானைக்கும் அடி சறுக்கும் என்று விட்டார்கள். அடுத்த மாதம் பேரிங் என்று வாங்கிப்போனார். அன்றைக்குப் போனது கண்டென்சர். அவர் திரும்பி ஓடி வருவதற்குள் கடை சாத்தியாயிற்று. பிரசவ வார்டுக்கு ராத்திரி முழுக்க வாளியில் தண்ணீர் சுமந்தார்கள்.

ஆஸ்பத்திரி சூப்பர்வைசர் சத்தம் போடாத மனிதர். அதுதான் வினையே. மறுநாள் அவர் சொன்னது காதுக்காரர் காதில் விழவில்லை, கூட வந்து ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்த டைப்பக்கா காதில்தான் விழுந்தது.

"அம்மா, உங்ககிட்ட சொல்லிடறேன். அடுத்த தடவையும் தப்பாச்சுன்னா மோட்டார் கம்பெனி ஆளுங்களுக்கு வேலையை எழுதிக் கொடுத்துடுவேன். எனக்கு மேலேயும் கேக்கறவங்க இருக்காங்க."

அவள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி போனால் மற்றதெல்லாம் தானாகப் போகும். ஏனென்றால் புதிதாக ஒருத்தர் மோட்டார் வாங்கி, யாரைக் கூப்பிடலாம் என்று விசாரித்தால், ஊர் சொல்கிற பதில் ஒன்றுதான்: ஆஸ்பத்திரிக்கே அவர்தானே.

டைப்பக்காவின் கம்ப்யூட்டர் முன்னறையில் ஜன்னலை ஒட்டி இருந்தது. அதற்குத் தைத்துப் போட்ட உறை, கீபோர்டுக்குத் தனி உறை, மவுசுக்குக்கூட ஒரு சின்ன உறை. மனுக்கள், ஆய்வுக் கட்டுரைகள், பள்ளிக்கூடக் கேள்வித்தாள்கள் என்று எது வந்தாலும் அடிப்பாள். எழுதச் சோம்பல்படுகிற பேராசிரியர் ஒருவர் பேசிப் பதிவு செய்து கொடுப்பார். அதைக் கேட்டு அடிப்பதற்காக இரண்டு காதையும் கிண்ணம் போலக் கவிழ்த்து மூடுகிற பெரிய ஹெட்ஃபோன் ஒன்று வைத்திருந்தாள். வாய்க்கு முன்னால் மைக்கும் நீட்டிக்கொண்டிருக்கும்.

இன்டர்நெட்டுக்கு ஒரு மோடம். கட்டைவிரல் நீளத்தில், சிம் போட்டுச் செருகுகிற வகை. முன்னறைக்குள் அதற்கு சிக்னல் கிடைக்காது. அதனால் நீளமான வயர் ஒன்றின் முனையில் அதை மாட்டி, ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தாள். மழை வந்தால் மேலே ஒரு பிளாஸ்டிக் டம்ளர் கவிழ்ப்பாள்.

அன்றைக்கு அடுப்பில் கஞ்சி தீய்கிற வாசனை வரவும் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். திரும்பி வந்து பார்த்தால் காதுக்காரர் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் கிரீஸ். தலையில் ஹெட்ஃபோன். பேராசிரியர் மண்வளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்த ஆள் நல்லாப் பேசுறாரும்மா" என்றார் காதுக்காரர். "ஒவ்வொரு வார்த்தையையும் தனியா எடுத்து வைக்கிறாரு. இப்பல்லாம் எல்லாரும் முழுங்கி முழுங்கித்தான் பேசுறாங்க. இவர்தான் மனுஷன்."

வந்தது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. ஹெட்ஃபோனில் கிரீஸ் ஒட்டியதற்கு வழக்கமாக வருகிற திட்டுகூட அன்றைக்கு வரவில்லை. கம்ப்யூட்டர் திரையில், சன்னமான சத்தத்தை மட்டும் தூக்கிக் கொடுக்க, ஏற்றி இறக்குகிற கோடுகள் இருந்தன. அவர் முதுகுக்குப் பின்னால் நின்றபடியே கையை நீட்டி, வலதுபக்கம் இருந்த மூன்று கோடுகளையும் மேலே ஏற்றினாள்.

"ஆ!" என்றார் அவர். "பின்னாடி ஃபேன் ஓடுது. அவர் ரூம்ல ஃபேன் ஓடுதும்மா!"

அன்று மத்தியானம் முழுக்க அவளுக்குத் தட்டச்சு ஓடவில்லை. கம்ப்யூட்டரில் மோடத்துக்கான திரையைத் திறந்து திறந்து பார்த்தாள். நெட் தொடங்க ஒரு படம், மெசேஜுக்கு ஒரு படம். அதற்குப் பக்கத்தில் வெளிறிப்போய், அழுத்தினாலும் அசையாத ஒரு ஃபோன் படம். இரண்டு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேனே என்று தலையில் தட்டிக்கொண்டாள்.

அவள் தம்பி செல்ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். யார் எந்த ஃபோனைக் கொண்டுவந்தாலும், முதலில் சார்ஜரை மாற்றிப் பாருங்கள் என்பான். அதனால் அவனுக்கு சார்ஜர் என்றே பேர். ஞாயிற்றுக்கிழமை அவனை வரச் சொல்லி, முட்டை பொரித்துப் போட்டு, அவன் வாய் நிறைந்திருக்கிற நேரமாகப் பார்த்து விஷயத்தைச் சொன்னாள்.

"இதுல ஃபோன் பேச முடியுமாடா?"

சார்ஜர் மென்று முடித்தான். "அக்கா, உள்ளே இருக்கிறது ஃபோன்தான். சிம் போடறோம்ல? வாயும் காதும் இல்லாத ஃபோனு, அவ்வளவுதான்."

"வாயும் காதும் என்கிட்ட இருக்கு."

"பேசற வசதியைக் கம்பெனிக்காரன் அடைச்சு வெச்சிருக்கான். இந்த மாதிரி மோடம் சிலதுல திறந்துடலாம், சிலதுல நடக்காது. கடைக்கு எடுத்துட்டுப் போய்ப் பாக்கறேன். ஆனா ஒண்ணு. ஃபோன் வந்தா நெட்டு நின்னுடும்."

"நிக்கட்டும்."

"மாமா சிம்மைத்தான் இதுல போடணும். எல்லாப் பம்பு ரூம் சுவத்துலயும் அந்த நம்பர்தானே எழுதியிருக்கு. அதுல நெட்டும் கிடையாது. அப்ப உன் சிம்? உன் மெயிலெல்லாம்?"

"உன் கடையில வந்து அனுப்பிக்கறேன். நீதான் பெரிய மனசுக்காரனாச்சே."

"மாமா ஒத்துப்பாரா?"

"அதை நான் பாத்துக்கறேன். நீ முதல்ல சார்ஜரை மாத்திப் பாக்கலாம்னு சொல்லாம போ."

இரண்டு நாளில் திறந்து கொண்டுவந்துவிட்டான். வெளிறிக் கிடந்த ஃபோன் படம் பச்சையாக நின்றது. டைப்பக்கா அதைப் பார்த்து, பெற்ற பிள்ளை பரீட்சையில் தேறியதுபோல் பூரித்துப்போனாள்.

பச்சைப் படம் வந்துவிட்டது, காதுக்காரர்தான் வழிக்கு வரவில்லை.

"ஊரைக் கூட்டி தண்டோரா போட்டுடலாமே, இந்த ஆளுக்குக் காது செவிடுன்னு" என்றார்.

"உங்களை யாருங்க செவிடுன்னு சொன்னது?"

"நீ சொல்லல. அதுக்குத்தான் மிஷினை வெச்சு சொல்றே."

"பத்து வருஷமா கண்ணாடி போட்டுத்தானே வயரைப் பாக்கறீங்க? அப்ப யாராவது குருடுன்னாங்களா?"

"கண்ணை வெச்சா நான் பேர் வாங்கினேன்?"

அவள் மவுசின் உறையை மடித்தாள், பிரித்தாள். பிறகு, ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தபோது சூப்பர்வைசர் சொன்னதை, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், அவர் முகத்துக்கு நேராக நின்று உரக்கச் சொன்னாள். கம்பெனி ஆட்கள் என்ற இடத்தில் அவர் முகம் சுண்டிப்போனது.

"எப்ப சொன்னாரு?"

"மூணு வாரமாச்சு."

"மூணு வாரமா நீ மட்டும் சுமந்துகிட்டு இருந்தியா?"

அவர் எழுந்துபோய் மண்ணெண்ணெய் போட்டுக் கையைக் கழுவினார். பிறகு சோப்பு போட்டுக் கழுவினார். வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "எங்கே பாத்துப் பேசணும்?" என்றார்.

எங்கே பார்த்துப் பேசுவது என்பதே பெரிய பாடாக இருந்தது. முதல் நாள் முழுக்க அவர் மேஜைக்குக் கீழே இருந்த பெட்டியைப் பார்த்துக் குனிந்து குனிந்து "ஹலோ" சொன்னார். அங்கேதானே மின்விசிறி ஓடுகிறது, அங்கேதான் உயிர் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. வாய்க்கு முன்னால் இருக்கிற குச்சிதான் மைக் என்று அவள் சொன்னால், இவ்வளவு சின்னதா என்று கேட்டார். மணி அடித்தால் மவுசைப் பிடித்துப் பச்சை ஃபோனை அழுத்த வேண்டும். இதை அவள் பக்கத்து அறையிலிருந்து தன் ஃபோனில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதினான்கு தடவை பழக்கினாள்.

கடைசியாக ஸ்க்ரூ டிரைவரும் தன் ஃபோனுமாகத் தெருமுனை மாவு மில்லுக்குப் போனாள். ஓடுகிற மோட்டாரில் முனையை வைத்து, பிடியை ஃபோனில் ஒட்டினாள். மில்லுக்காரர் மாவு படிந்த புருவத்தைத் தூக்கிக்கொண்டு பார்த்தார்.

"மோட்டார் மேல குத்தமில்ல" என்று வந்தது காதுக்காரர் குரல். "பெல்ட்டு பக்கம் தண்டைத் தாங்கற புஷ் தேஞ்சிருக்கு. ஒரு மாசம் தாங்கும்."

மில்லுக்காரர் திறந்து பார்த்தார். புஷ் தேய்ந்துதான் இருந்தது. டைப்பக்கா அன்றைக்கு அந்தத் தெருவில் நடந்து வந்த நடையைப் பார்த்தவர்கள், அவளுக்கு ஏதோ பதவி கிடைத்துவிட்டதென்று நினைத்திருப்பார்கள்.

ஐந்தாம் நாள் காலையில் ஆஸ்பத்திரி கூப்பிட்டது. வெயில் காலத்து வெயில் எட்டு மணிக்கே முற்றத்தில் இறங்கியிருந்தது. டைப்பக்கா பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். முன்னறையில் கம்ப்யூட்டர் மணி அடித்தது. காதுக்காரர் ஒரு துண்டு ரொட்டியை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். ஹெட்ஃபோன் தலையில் இல்லை. ஆனாலும் ஸ்பீக்கரின் கனத்த மணி அவருக்குக் கேட்டது. ரொட்டியைப் போட்டுவிட்டு எழுந்தார். கண்ணுக்கு முன்னால் ஜன்னல் கம்பியில் மோடத்தின் விளக்கு மினுக்கு மினுக்கென்று மினுக்கியது.

பழக்கம் என்பது பொல்லாதது. பதினான்கு தடவை படித்த பாடம் ஒரு நொடியில் பறந்துபோனது. மினுக்குகிற பொருளை எடுத்துக் காதில் வைப்பதுதானே ஃபோன்? காதுக்காரர் மோடத்தை வயரிலிருந்து பிடுங்கி, நல்ல காதான வலது காதில் வைத்து, "ஹலோ, யாருங்க?" என்றார்.

ஈரக் கையோடு ஓடிவந்த டைப்பக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "ஐயோ, என்னங்க பண்ணீங்க!"

அவர் தன் கையிலிருந்ததைப் பார்த்தார். விளக்கு அணைந்திருந்தது. அவர் முகமும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது.

திருப்பிச் செருகினாள். விளக்கு சிவப்பில் நின்றது. கம்ப்யூட்டர் மோடத்தைத் தேடியது. தேடிக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரி தவிர அந்த நேரத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று இருவருக்கும் தெரியும். ஃபோனை எடுக்காமல் துண்டித்துவிட்டார் என்றுதான் அங்கே நினைத்திருப்பார்கள். அடுத்த அழைப்பு கம்பெனிக்குப் போகும். அவள் வாய்க்குள் ஏதேதோ வேண்டிக்கொண்டாள். காதுக்காரர் வேண்டிக்கொள்ளவில்லை, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். இரண்டு நிமிஷம் கழித்து விளக்கு பச்சையானது. தவறிய அழைப்பு ஒன்று என்று காட்டி, சூப்பர்வைசர் நம்பர் வந்தது.

அவள் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, ஹெட்ஃபோனைத் தலையில் கவிழ்த்துவிட்டு, ஸ்பீக்கரிலும் கேட்கிற மாதிரி வைத்து, நம்பரை அழுத்தினாள்.

"என்ன, எடுக்காமலே கட் பண்றீங்க?" சூப்பர்வைசர் குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது. கோபம் வந்தால் அவருக்குக் குரல் இறங்கும். "கம்பெனி ஆளு நிக்கறாரு. மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல. காயில் போச்சு, கழட்டிட்டுப் போனா ரெண்டு நாள்ங்கறாரு. கடைசியா உங்களை ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு கூப்பிட்டா..."

"இல்ல சார், கரண்டு போயிடுச்சு..." என்று டைப்பக்கா மைக் பக்கம் குனிந்தாள். பொய் தயாராக இருந்தது. இரண்டு வருஷமாக அவளுக்கு அதுதான் பழக்கம்.

காதுக்காரர் அவள் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"சார், கரண்டெல்லாம் போகல. எனக்குக் காது கேக்கல. ரெண்டு வருஷமாவே கேக்கல. உங்களுக்கு ரெண்டு தடவை தப்பாச் சொன்னதும் அதனாலதான். சொல்ல வெக்கப்பட்டுகிட்டு மறைச்சுட்டேன், அது என் தப்பு. இப்ப என் சம்சாரம் கம்ப்யூட்டர்ல ஃபோன் வெச்சுக் கொடுத்திருக்கா. இதுல கேக்குது. நீங்க விடற மூச்சு வரைக்கும் கேக்குது. புது மிஷினு, கை தெரியாம பிடுங்கிட்டேன், அதான் கட்டாச்சு. இப்ப ஸ்க்ரூ டிரைவரை வைங்க சார். கேட்டுட்டு சொல்றேன். தப்பாச் சொன்னா நானே வந்து அந்தக் கம்பெனிக்காரருக்கு மோட்டாரைக் கழட்டிக் கொடுக்கறேன்."

அந்தப் பக்கத்திலிருந்து இரும்பில் இரும்பு தொடுகிற சத்தம் வந்தது.

காதுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் மூன்று கோடுகளையும் உச்சிக்கு ஏற்றினாள்.

"மோட்டார் நல்லா இருக்கு" என்றார். "காயிலும் போகல, ஒண்ணும் போகல. முனையை எடுத்துப் பம்பு வயித்துல வைங்க... இன்னும் கீழே... அங்கதான். பேசாதீங்க."

நாலு மூச்சு. ஐந்து. ஆறு.

"சார், உள்ளே கூழாங்கல்லைப் போட்டு உருட்டற மாதிரி இருக்கு. ஆனா கல்லு இல்ல. இழுக்கத் தண்ணி கிடைக்காம குமிழி குமிழியா உடையுது. நேத்து கீழ்த்தொட்டி கழுவினீங்களா?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"கழுவினவங்க எதையோ உள்ள விட்டுட்டாங்க. உறிஞ்சற குழாயோட வாயை அது அடைச்சிருக்கு. மோட்டாரை நிறுத்திட்டு ஆளை இறக்கிப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

பத்து நிமிஷம் ஆனது. டீ ஆறி ஏடு படிந்தது. அங்கே காலடிச் சத்தம், ஏணி சாய்க்கிற சத்தம். யாரோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல், "துணி சார்! தொடைக்கிற துணி!" என்று கத்தினார்கள். மோட்டார் மறுபடியும் ஓடியது. கூழாங்கல் இல்லை. குழாயில் தண்ணீர் ஏறுகிற திடமான சத்தம் ஹெட்ஃபோனை நிறைத்தது. காதுக்காரர் கண்ணைத் திறக்கவே இல்லை.

சூப்பர்வைசர் சந்தோஷத்தில் ஃபோனை வைக்க மறந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் போலிருக்கிறது. டைப்பக்கா ஸ்பீக்கரைக் குறைத்துவிட்டு, ஹெட்ஃபோனின் ஒரு கிண்ணத்தைத் தன் பக்கம் திருப்பிக் காதை வைத்தாள். அந்தப் பக்கம் துணி உரசுகிற சத்தத்துக்கு நடுவே பேச்சு கேட்டது. கம்பெனி ஆள்தான் கேட்டார்: "யார் சார் அவரு? எந்தக் கம்பெனி?"

"கம்பெனியா?" என்றார் சத்தமே போடாத சூப்பர்வைசர், நன்றாகவே சத்தமாக. "இந்த ஊர்ல பொறந்த பாதிப் பிள்ளைங்களுக்கு முதல் குளியலே அவர் ஏத்திவிட்ட தண்ணியிலதான்யா. கம்பெனிக்குப் போய்ச் சொல்லு, எங்க மோட்டாருக்கு ஆள் இருக்காருன்னு."

ஒரு கிண்ணத்தில் மட்டும் கேட்டதால் காதுக்காரருக்குப் பிடிபடவில்லை. "என்ன சொல்றாங்க? என்ன சொல்றாங்கம்மா?" என்று அவள் முழங்கையைப் பிடித்து உலுக்கினார்.

அவர் காதோரம் குனிந்து சொல்லியிருக்கலாம். ஹெட்ஃபோன் மைக்கை அணைத்துவிட்டு அமைதியாகச் சொல்லியிருக்கலாம். டைப்பக்கா தெருவைப் பார்த்த ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். மோடத்தின் பச்சை விளக்குக்கு மேலே முகத்தை வைத்துக்கொண்டு, சூப்பர்வைசர் சொன்னதை முதல் குளியல் முதல் ஆள் இருக்கார் வரைக்கும் ஒரு எழுத்து விடாமல், அடிவயிற்றிலிருந்து குரலெடுத்துச் சொன்னாள். எதிர்வீட்டில் பெருக்குகிற துடைப்பம் நின்றது. தெருமுனையில் மாவு மில்லுக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

காதுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பக்கத்துலதானே உக்காந்திருக்கேன், எதுக்கு இந்தக் கத்து கத்தறே?" என்றார்.

"உங்களுக்கா சொன்னேன்?" என்றாள் அவள்.